வென்றால், வென்றால்தான், வென்றாலும்: லீக் ஆட்டங்களின் கடைசி வாரக் கணக்கு

மே மாதம் வந்துவிட்டால் படிவம் 4, 5 மாணவர்கள் கையில் இரண்டு புள்ளிப் பட்டியல் இருக்கும். ஒன்று ஐ.பி.எல்., இன்னொன்று இங்கிலாந்து பிரிமியர் லீக். ராத்திரி ஆட்டம் பார்த்துவிட்டுக் காலையில் கண் சிவக்க வகுப்புக்கு வருவார்கள். வந்ததும் பேச்சு இப்படித்தான் போகும்: "சென்னை ஜெயிச்சாதான் சார் உள்ளே போகும், கன்ஃபர்ம்!"

இந்த ஒரு வாக்கியத்திலேயே பிழை இருக்கலாம். அது கணக்குப் பிழையா, தமிழ்ப் பிழையா என்று கேட்டால், இரண்டும்தான். தமிழில் 'வென்றால்' என்பது ஒன்று, 'வென்றால்தான்' என்பது வேறு, 'வென்றாலும்' என்பது முற்றிலும் வேறு. நிபந்தனை வினையெச்சம் என்று இலக்கணத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு, "மழை பெய்தால் பயிர் விளையும்" என்ற ஒரே எடுத்துக்காட்டோடு நாம் நகர்ந்துவிடுகிறோம். லீக் ஆட்டங்களின் கடைசி வாரத்தைப் போல இந்த மூன்று சொல்லையும் பிரித்துக் காட்டும் பாடம் வேறு கிடைப்பது அரிது. கணக்கு ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு பாடம் நடத்தலாம்.

முதலில் மூன்றையும் பிரித்துக்கொள்வோம். 'வென்றால் போதும்' என்றால் வெற்றி ஒன்றே காரியத்தை முடித்துவிடும், வேறு எதுவும் தேவையில்லை. 'வென்றால்தான்' என்றால் வெற்றி இல்லாமல் காரியம் நடக்காது, ஆனால் வெற்றி மட்டும் போதுமா என்பது தெரியாது. 'வென்றாலும்' என்றால் வெற்றியால் ஒன்றும் மாறப்போவதில்லை. பல மாணவர்கள் முதல் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். கட்டுரையில் "உழைத்தால்தான் முன்னேறலாம்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் "எனவே உழைப்பவர் அனைவரும் முன்னேறுவர்" என்று முடிப்பார்கள். முதல் வரியிலிருந்து இரண்டாம் வரி வராது. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பெங்களூரு, 18 மே 2024

சின்னசாமி அரங்கில் பெங்களூருக்கும் சென்னைக்கும் கடைசி லீக் ஆட்டம். நம் நேரப்படி இரவு 10 மணிக்குத் தொடங்கியது, நடுவில் மழை வேறு. நான்காவது இடம் ஒன்றுதான் காலி. சென்னைக்கு 13 ஆட்டத்தில் 14 புள்ளி, பெங்களூருக்கு 12 புள்ளி. முதல் 8 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி பெற்றிருந்த பெங்களூரு, அதன்பிறகு தொடர்ந்து 5 ஆட்டம் வென்று இந்த நிலைக்கு வந்திருந்தது.

நிகர ஓட்ட வீதம் என்றால் என்ன? மலாய்ப் பாடநூலில் படிவம் 1இல் 'காடார்' என்று வருகிறதே, அந்த வீதம்தான். ஓர் அணி தொடர் முழுவதும் எடுத்த ஓட்டங்களை அது ஆடிய ஓவர்களால் வகுக்க வேண்டும். எதிரணிகளுக்குக் கொடுத்த ஓட்டங்களை வீசிய ஓவர்களால் வகுக்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதே நிகர ஓட்ட வீதம். இதில் ஒரு சின்ன விதி உண்டு. ஓர் அணி 15 ஓவரில் எல்லா விக்கெட்டையும் இழந்துவிட்டால் 15 என்று கணக்கிடமாட்டார்கள், முழு 20 ஓவர் ஆடியதாகவே வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் சீக்கிரம் சுருண்டவருக்கு லாபமாகிவிடும்.

ஆட்டத்துக்கு முன்னால் சென்னையின் வீதம் +0.528, பெங்களூரின் வீதம் +0.387. பெங்களூரு வென்றால் இரண்டு அணிக்கும் 14 புள்ளி. அப்போது வீதம்தான் தீர்மானிக்கும். எவ்வளவு வித்தியாசத்தில் வெல்ல வேண்டும்? இதைக் கரும்பலகையில் போடலாம்.

இரண்டு வீதங்களுக்கும் இடையே உள்ள இடைவெளி 0.141. அது 13 ஆட்டங்களின் சராசரி என்பதால் 13ஆல் பெருக்கினால் 1.833 வரும். கடைசி ஆட்டத்தில் பெங்களூரு ஓவருக்கு x ஓட்டம் கூடுதலாக எடுத்தால், பெங்களூருக்கு x ஏறும், சென்னைக்கு அதே x இறங்கும். ஆகவே இடைவெளி 2x சுருங்கும். 2x > 1.833 என்றால் x > 0.9165. இருபது ஓவருக்கு 18.33 ஓட்டம். படிவம் 1இல் படிக்கும் நேரியல் சமனிலிதான், வேறொன்றுமில்லை.

அன்றைக்குத் தொலைக்காட்சியில் சொன்ன எண் 18. நமக்கு வந்தது 18.33. எங்கே போனது அந்த 0.33? எல்லா ஆட்டத்திலும் எல்லாரும் சரியாக 20 ஓவர் ஆடினார்கள் என்று நாம் எடுத்துக்கொண்டோம். உண்மையில் இலக்கைத் துரத்தும் அணி சில நேரம் 18 ஓவரிலேயே முடித்துவிடும். அதனால் கொஞ்சம் விலகும். மாணவன் 18.33 என்று கண்டுபிடித்தால் அவனைத் திருத்தாதீர்கள், ஏன் விலகியது என்று கேளுங்கள். நல்ல கேள்வி அதுதான்.

இப்போது தமிழுக்கு வருவோம். "சென்னை வென்றால் போதும்" சரி. "சென்னை வென்றால்தான் உள்ளே போகும்" தவறு, ஏனென்றால் 17 ஓட்டத்தில் தோற்றாலும் போகலாம். மழையால் ஆட்டம் நின்றாலும் ஆளுக்கொரு புள்ளி கிடைத்து, சென்னை 15 புள்ளியோடு போய்விடும். "பெங்களூரு வென்றால்தான் வாய்ப்பு" சரி. "பெங்களூரு வென்றால் போதும்" தவறு. ஒரே ஆட்டத்தில் ஒருவருக்கு 'போதும்', மற்றவருக்கு 'தான்'.

பெங்களூரு 218 ஓட்டம் எடுத்தது. சென்னை வெல்ல 219 வேண்டும், ஆனால் உள்ளே போக 201 போதும். கடைசி ஓவர் தொடங்கும்போது சென்னை 184. வெல்ல 35, தகுதிபெற 17. புதிதாகப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. யாஷ் தயாளின் முதல் பந்தை தோனி அரங்குக்கு வெளியே அனுப்பினார். ஆறு. இன்னும் 5 பந்தில் 11. அடுத்த பந்தில் தோனி அவுட். பிறகு ஒரு பந்து வீண், ஒரு ஓட்டம். கடைசி 2 பந்தையும் ஜடேஜா தொட முடியவில்லை. 191இல் முடிந்தது. 27 ஓட்டத் தோல்வி. இறுதிப் பட்டியலில் பெங்களூரு +0.459, சென்னை +0.392. அந்த ஆண்டு 14 புள்ளியில் மட்டும் நான்கு அணிகள் நின்றன: பெங்களூரு, சென்னை, டெல்லி, லக்னோ. நான்கு அணிக்கும் வெற்றி 7, தோல்வி 7.

அந்த 0.067 வித்தியாசம் அன்று இரவு மட்டும் உண்டானதல்ல. மார்ச், ஏப்ரல் ஆட்டங்களில், "இனி எப்படியும் ஜெயிச்சிடுவோம்" என்று மெதுவாகத் துரத்தி முடித்த ஓவர்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. எந்தத் தொடரிலும் கடைசி வாரம் தனியாக வருவதில்லை.

ஆறு கோலின் பின்கதை

காற்பந்துக்கு வருவோம். நம் மாமாக் கடைகளில் பெரிய திரை வைத்துப் பார்க்கும் பிரிமியர் லீக்கில் 13 மே 2012 மறக்க முடியாத நாள். மான்செஸ்டர் சிட்டியும் மான்செஸ்டர் யுனைட்டெட்டும் 86 புள்ளியில் சமமாக நின்று கடைசி ஆட்டத்துக்குப் போயின. யுனைட்டெட் 1-0 என்று வென்று 89 புள்ளி எடுத்துவிட்டது. சிட்டி 90 நிமிடம் தாண்டியும் 1-2 என்று பின்தங்கியிருந்தது. பிறகு செக்கோ ஒன்று, அகுவேரோ ஒன்று. 3-2. சிட்டிக்கும் 89 புள்ளி. கோல் வேறுபாட்டில் சிட்டி +64, யுனைட்டெட் +56. கிண்ணம் சிட்டிக்கு.

எல்லாரும் அகுவேரோவின் கோலைத்தான் பேசுவார்கள். நான் மாணவர்களைப் பார்க்கச் சொல்வது 23 அக்டோபர் 2011. அன்று ஓல்ட் டிராஃபோர்டில் சிட்டி 6-1 என்று யுனைட்டெட்டை வென்றது. அதில் மூன்று கோல் ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களில் வந்தவை. அந்த ஆட்டம் 1-0 என்று முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்க. இறுதிப் பட்டியலில் சிட்டி போட்டது 93, வாங்கியது 29. யுனைட்டெட் போட்டது 89, வாங்கியது 33. சிட்டியின் 93இலிருந்து 5 கோலைக் குறைத்தால் 88, வாங்கியதில் 1 குறைத்தால் 28. யுனைட்டெட்டின் 89இல் 1 குறைத்தால் 88, வாங்கியதில் 5 குறைத்தால் 28. இரண்டு அணிக்கும் 88, 28! புள்ளி சமம், கோல் வேறுபாடு சமம், போட்ட கோலும் சமம். அன்றைய விதிப்படி கிண்ணத்துக்குத் தனியாக ஓர் ஆட்டம் வைத்திருக்க வேண்டும். முடிந்துபோன ஆட்டம்தானே என்று அக்டோபரில் அடித்த கோல்கள், மே மாதத்தில் கிண்ணமாக மாறின.

அதே நாளில் 'தோற்றாலும்' என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. சிட்டியிடம் தோற்ற குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கீழிறங்கும் அபாயத்தில் இருந்தது. போல்ட்டன் தன் ஆட்டத்தில் வெல்லாவிட்டால், ரேஞ்சர்ஸ் தோற்றாலும் பிழைக்கும். போல்ட்டன் 2-2. ரேஞ்சர்ஸ் 37 புள்ளி, போல்ட்டன் 36. தோற்றவர்களும் கொண்டாடினார்கள்.

அமெரிக்கர்களின் மந்திர எண்

கடைசி மாதக் கணக்கை ஒரு கலையாகவே ஆக்கியவர்கள் பேஸ்பால் ரசிகர்கள். நம் பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடிய பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் ஓரளவு புரியும். அமெரிக்காவின் முதல்நிலை லீக்கில் ஓர் அணிக்கு 162 ஆட்டம். சமநிலை கிடையாது, வெற்றி அல்லது தோல்விதான். செப்டம்பர் வந்தால் பத்திரிகைகள் 'மந்திர எண்' என்று ஒன்றைப் போடும். சூத்திரம் எளிது: 163இலிருந்து முன்னணி அணியின் வெற்றிகளையும் துரத்தும் அணியின் தோல்விகளையும் கழிக்க வேண்டும். முன்னணி அணி ஒன்று வென்றால் எண் 1 குறையும். துரத்தும் அணி ஒன்று தோற்றாலும் 1 குறையும். பூச்சியம் ஆனால் "இனி யார் என்ன செய்தாலும்" முதலிடம் மாறாது. ஏன் 162 இல்லாமல் 163? சமமாக வந்தால் போதாது, ஒன்று கூடுதலாக வேண்டும் என்பதற்காக. மாணவர்கள் இதைத் தாமாகவே கண்டுபிடிக்கட்டும்.

1964ஆம் ஆண்டு 20 செப்டம்பர். பிலடெல்பியா ஃபில்லீஸ் 90 வெற்றி, 60 தோல்வி. துரத்திவந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 83 வெற்றி, 66 தோல்வி. மந்திர எண் 163 - 90 - 66 = 7. ஃபில்லீஸுக்கு மீதம் 12 ஆட்டம். ஊரே கிண்ணம் வந்துவிட்டதாக நினைத்தது. மறுநாள் சின்சினாட்டியிடம் 1-0 தோல்வி. அதற்குப் பிறகு இன்னும் ஒன்பது. ஆக மொத்தம் தொடர்ந்து 10 தோல்வி. கடைசி இரண்டை வென்றும் பயனில்லை. கார்டினல்ஸ் 93-69, ஃபில்லீஸ் 92-70. அந்த 7 என்ற எண் 2இல் நின்றுவிட்டது.

ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்க வாய்ப்பு பாதி என்று வைத்தால் தொடர்ந்து 10 தோல்விக்கு வாய்ப்பு 1024இல் 1. படிவம் 4 நிகழ்தகவுப் பாடத்தில் இப்படித்தான் பெருக்கச் சொல்வோம். ஆனால் அந்தப் பெருக்கல் ஒரு நிபந்தனையோடு வருகிறது: ஒரு நிகழ்ச்சி இன்னொன்றைப் பாதிக்கக்கூடாது. இங்கே பாதித்தது. பயிற்றுநர் ஜீன் மாக் பதற்றத்தில் தன் சிறந்த பந்துவீச்சாளர்கள் ஜிம் பன்னிங், கிறிஸ் ஷார்ட் இருவரையும் இரண்டே நாள் ஓய்வுக்குப் பிறகு மறுபடி மறுபடி இறக்கினார். களைத்த கை வீசினால் தோல்வி, தோல்வி வந்தால் பதற்றம், பதற்றம் வந்தால் அதே களைத்த கை. 1024இல் 1 என்பது காகிதத்தில் மட்டும்தான்.

இதே காரணத்தால்தான் "கடைசி 5 ஆட்டத்தைப் பாருங்க, அணி சூடா இருக்கு" என்பதையும் பாதிதான் நம்ப வேண்டும். 2024இல் பெங்களூரின் முதல் 8 ஆட்டத்தை மட்டும் பார்த்தவருக்கு அது மோசமான அணி. கடைசி 6 ஆட்டத்தை மட்டும் பார்த்தவருக்கு அது வெல்ல முடியாத அணி. 14ஐயும் பார்த்தால் பாதிக்குப் பாதி. அந்தச் 'சூடான' அணி சில நாளில் ராஜஸ்தானிடம் தோற்று வெளியேறியது.

ஏன் எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில்?

பிரிமியர் லீக்கின் கடைசி நாளில் பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்குவதை மாணவர்கள் கவனித்திருப்பார்கள். உலகக் கிண்ணக் குழு ஆட்டங்களிலும் கடைசிச் சுற்று அப்படித்தான். காரணம் 1982. ஸ்பெயினின் கிகோன் நகரில் 25 ஜூன் அன்று மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடின. அதே குழுவின் அல்ஜீரியா முந்தின நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்டது. ஆகவே இரு அணிக்கும் தேவை என்னவென்று அச்சாகத் தெரியும்: ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இருவரும் போகலாம், அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. பிறகு இரு அணியும் பந்தை இங்கும் அங்கும் தட்டிக்கொண்டு நேரத்தைப் போக்கின. ஜெர்மனியையே 2-1 என்று வென்ற அல்ஜீரியா வீட்டுக்குப் போனது. அடுத்த உலகக் கிண்ணத்திலிருந்து கடைசிச் சுற்று ஒரே நேரத்துக்கு மாறியது. விதியை யாரும் மீறவில்லை. கணக்கு முன்கூட்டியே தெரிந்ததுதான் வினை.

ஐ.பி.எல்.லில் இன்றும் ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கின்றன. தொலைக்காட்சிக்கு அது நல்லது. ஆட்டத்துக்கு நல்லதா என்று வகுப்பில் வாதம் வைக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? கடைசி வாரத்தில் ஓர் அணிக்கு எல்லாமும், எதிரணிக்கு ஒன்றும் இல்லாத ஆட்டங்கள் வரும். 'வென்றாலும் தோற்றாலும்' ஒன்றுதான் என்ற அணியிடம்தான் பணம் பேச வருகிறது. நம் நாட்டிலேயே 1994-95இல் காற்பந்து லஞ்ச விவகாரம் வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், பலர் தடைசெய்யப்பட்டார்கள். மலேசியக் காற்பந்து அதிலிருந்து எழ நெடுங்காலம் ஆனது. சென்னை அணியும் சூதாட்ட விவகாரத்தால் 2016, 2017 இரண்டு தொடர்களில் தடைபட்டிருந்தது. இன்றைக்குப் பதினாறு வயதுப் பையன்களின் புலனக் குழுக்களில் 'கன்ஃபர்ம்' என்ற சொல்லோடு பந்தயச் செய்திகள் சுற்றுகின்றன. அனுப்புகிறவன் 'வென்றால்தான்' என்பதை 'வென்றுவிடும்' என்று மாற்றி விற்கிறான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்துப் படிக்கத் தெரியாத மாணவன் ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி என்று இழக்கிறான். வீட்டில் சொல்லவும் மாட்டான்.

பட்டியலுக்கு வெளியே உள்ள கணக்கையும் மறக்கக்கூடாது. அதற்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. பாயா ரும்புட், குருபோங் பக்கம் குடியிருப்போருக்கு ஹங் ஜெபாட் அரங்கம் பழக்கப்பட்ட இடம். மலாக்கா யுனைட்டெட் 2016இல் பிரிமியர் லீக்கை வென்று 2017இல் சூப்பர் லீக்குக்கு ஏறியது. 2022 வரை அங்கேயே ஆடியது. களத்தில் யாரும் அதைக் கீழே இறக்கவில்லை. பணச் சிக்கலால் 2023ஆம் ஆண்டுக்கான உரிமம் கிடைக்காமல் லீக்கிலிருந்தே போய்விட்டது. சம்பளப் பட்டியலைப் பார்க்காமல் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு அது திடீர் முடிவாகத் தெரிந்தது.

வகுப்புக்கு ஒரு பயிற்சி

26 மே 1989, இங்கிலாந்து லீக்கின் கடைசி ஆட்டம். லிவர்பூல் தன் சொந்த அரங்கில் ஆர்சனலைச் சந்திக்கிறது. லிவர்பூல் 76 புள்ளி, போட்டது 65, வாங்கியது 26. ஆர்சனல் 73 புள்ளி, போட்டது 71, வாங்கியது 36. வெற்றிக்கு 3 புள்ளி. புள்ளி சமமானால் கோல் வேறுபாடு, அதுவும் சமமானால் அதிகம் போட்டவருக்கே கிண்ணம்.

கீழ்க்காணும் வாக்கியங்களில் எவை சரி, எவை தவறு என்று கணக்குக் காட்டி எழுதச் சொல்லுங்கள்: "ஆர்சனல் வென்றால் போதும்." "ஆர்சனல் வென்றால்தான் கிண்ணம்." "லிவர்பூல் தோற்றாலும் கிண்ணம் பெறலாம்." "ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் போதும்." "லிவர்பூல் வென்றால்தான் கிண்ணம்."

முதலாவதும் ஐந்தாவதும் தவறு, மற்றவை சரி. நான்காவதில்தான் பலர் தடுமாறுவார்கள். இரண்டு கோலில் வென்றால் வேறுபாடு இரண்டு அணிக்கும் +37 என்று சமமாகிவிடும், போட்ட கோலை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். அன்று ஆர்சனல் 1-0 என்று முன்னணியில் இருந்தும் 90ஆவது நிமிடம்வரை கிண்ணம் லிவர்பூலிடம்தான். கூடுதல் நேரத்தில் மைக்கேல் தாமஸ் இரண்டாவது கோலைப் போட்டார். 2-0. போட்ட கோல் 73க்கு 65.